சமுதாயக் கல்லூரியில பிசினஸ் படிக்கப் போற மலைப்பக்கத்து ஆளுங்களுக்கு

பிளஸ் டூ முடிச்சாச்சு, கோயமுத்தூர்ல ஹாஸ்டல்ல தங்கிப் படிக்க வீட்ல வசதி பத்தல. இல்ல பத்தாவதோட நின்னுட்டு ஊட்டி சாரிங் கிராஸ்ல ஏதோ ஒரு கடையில நிக்கறீங்க. இல்ல கல்யாணமாகி, பையன் ஸ்கூலுக்குப் போக ஆரம்பிச்சு, பகல்ல கொஞ்ச நேரம் கையில மிஞ்சுது. இந்த மூணு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதறேன், ஏன்னா சமுதாயக் கல்லூரியில பிசினஸ் கோர்ஸ்ல சேர்ந்தா ஒரே பெஞ்ச்ல நீங்க மூணு பேருமே பக்கத்துல பக்கத்துல உக்காந்திருப்பீங்க. நான் குன்னூர் பக்கம் பகுதி நேரமா கணக்கும் மார்க்கெட்டிங்கும் எடுக்கறவன், மீதி நேரம் சொந்தக்காரங்க கடையில கல்லாவுல இருப்பேன், அதனால புஸ்தகத்துல உள்ளதும் கடையில நடக்கறதும் ரெண்டும் கலந்துதான் வரும்.

இது என்ன காலேஜ்

இது ஆர்ட்ஸ் காலேஜும் இல்ல, பாலிடெக்னிக்கும் இல்ல. உள்ளூர்ல இருக்கற தொழிலுக்கு உள்ளூர் ஆளை ஆறு மாசத்துலயோ ஒரு வருஷத்துலயோ தயார் பண்றதுதான் இதோட நோக்கம். 1995ல பாண்டிச்சேரி பல்கலைக்கழகம் ஆரம்பிச்சதுதான் நம்ம நாட்டுல மொதல் சமுதாயக் கல்லூரி, அடுத்த வருஷமே சென்னையில ஒண்ணு வந்துச்சு, அப்புறம் தமிழ்நாடு முழுக்கப் பரவுச்சு. பாடத்திட்டம் பெரும்பாலும் நாலு பகுதியா இருக்கும், வாழ்க்கைத் திறன், தொழில் திறன், இன்டர்ன்ஷிப்னு சொல்ற நேரடிப் பயிற்சி, கடைசியா வேலைக்குத் தயார் பண்றது. வாழ்க்கைத் திறன்னு சொல்றதைப் பாத்து நிறைய பேர் சிரிப்பாங்க, ஆனா கஸ்டமர்கிட்ட கண்ணைப் பாத்துப் பேசறது, இங்கிலீஷ்ல நாலு வரி மெயில் அனுப்பறது, கோபத்தை அடக்கறது எல்லாம் அதுலதான் வரும், கடையில நின்னவங்களுக்குத் தெரியும் அதோட அருமை.

ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தோட அங்கீகாரத்துல தொண்டு நிறுவனங்கள், சர்ச் அமைப்புகள் எல்லாம் நடத்தறது. அந்தப் பல்கலைக்கழகம் 2002ல வந்தது, தலைமை இடம் சென்னை சைதாப்பேட்டை. இன்னொண்ணு 2013ல பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, கொண்டு வந்த திட்டம், ஏற்கனவே இருக்கற காலேஜுக்குள்ளயே நடக்கும். யுஜிசி கணக்குல ஆறு மாச சர்டிபிகேட்டுக்கு 30 கிரெடிட், ஒரு வருஷ டிப்ளமோவுக்கு 60, ரெண்டு வருஷ அட்வான்ஸ்டு டிப்ளமோவுக்கு 120, மூணாவது வருஷமும் முடிச்சா 180 கிரெடிட்டோட பி.வோக்ங்கற தொழிற்கல்வி டிகிரி. அதுல 60 சதவீதம் தொழில் திறன், 40 சதவீதம் பொதுப் பாடம். நடுவுல நின்னாலும் அதுவரைக்கும் படிச்சதுக்கு ஒரு பேப்பர் கையில கிடைக்கும்ங்கறதுதான் இதுல பெரிய விஷயம், தேயிலை எஸ்டேட் லைன் வீட்ல இருந்து வர்ற பிள்ளைங்களுக்கு அப்பாவுக்கு உடம்பு சரியில்லன்னா படிப்பு எப்ப நிக்கும்னு யாருக்குத் தெரியும்.

பீஸ் கட்டறதுக்கு முன்னாடி

சர்டிபிகேட்டுல யார் பேரு அச்சடிச்சு வரும்னு கேளுங்க. இதுதான் மொதல் கேள்வி, வேற எதையும் அப்புறம் கேட்டுக்கலாம். "எங்க டிரஸ்ட் பேர்ல வரும்மா, எல்லா இடத்துலயும் செல்லும்"னு சொன்னா டீயை மட்டும் குடிச்சிட்டு எழுந்து வந்துடுங்க. பல்கலைக்கழகத்தோட அங்கீகாரக் கடிதம், அதுவும் இந்த வருஷத்துக்கு உண்டானதைக் காட்டச் சொல்லுங்க, அதுல நீங்க சேர்ற கோர்ஸோட பேரு இருக்கணும். கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கும், கோர்ஸுக்கு இருக்காது, இந்த ஓட்டையிலதான் நிறைய பேர் விழறாங்க.

அடுத்தது, போன வருஷம் முடிச்சவங்க இன்டர்ன்ஷிப் எங்க பண்ணாங்கன்னு கேளுங்க. கடை பேரு, பேக்டரி பேரு சொல்லணும். "அதெல்லாம் அரேஞ்ச் பண்ணிடுவோம்"னு சொன்னா அங்க எதுவும் நடக்கலன்னு அர்த்தம். முடிஞ்சா பழைய ஸ்டூடண்ட் ஒருத்தர் நம்பரைக் கேட்டு வாங்கி, காலேஜ் கேட்டைத் தாண்டி வெளிய வந்து பேசுங்க.

மூணாவது டைம்டேபிள். மலையில வகுப்பு நேரத்தை முடிவு பண்றது கடைசி பஸ்ஸுதான். கிண்ணக்கொரை, மஞ்சூர் பக்கம் இருந்து ஊட்டிக்கு வந்து போறவங்க சாயங்காலம் வகுப்புன்னா சேரவே சேராதீங்க, நவம்பர் மழையில ரோட்ல மரம் விழுந்தாலோ மண் சரிஞ்சாலோ அன்னிக்கு வீடு போய்ச் சேர முடியாது. அட்டெண்டன்ஸ்ல அதுக்கு என்ன பண்ணுவாங்கன்னும் கேட்டு வச்சுக்கணும். அதே மாதிரி ஏப்ரல், மே சீசன்ல பரீட்சை வருதான்னு பாருங்க, வேலை பாத்துகிட்டே படிக்கறவங்களுக்கு வருஷத்துல நல்ல காசு பாக்கறதே அந்த ரெண்டு மாசம்தான்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை, பத்தாவது, பன்னெண்டாவது ரெண்டையும் முடிக்காம டிப்ளமோ வழியா நேரா டிகிரிக்குப் போயிடலாம்னு யாராவது சொன்னா, படிப்பு வேணா கிடைக்கும், ஆனா அரசு வேலைக்கு பத்து, பன்னெண்டு, அப்புறம் டிகிரிங்கற வரிசையைத்தான் பாப்பாங்க. டிஎன்பிஎஸ்சி கனவு மனசுல இருக்கறவங்க மொதல்ல பிளஸ் டூவை எழுதி முடிங்க, அப்புறம் பாரதியார் பல்கலைக்கழகத்தோட இணைஞ்ச ஊட்டி அரசு கலைக் கல்லூரி மாதிரி இடத்துல ரெகுலர் டிகிரி போட்டுப் பாருங்க. தொழில் பண்ணத்தான் படிக்கறேன்னா இந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்.

பேப்பர் வேலை

டிசி, மார்க் ஷீட், ஆதார், பேங்க் பாஸ்புக், சாதிச் சான்று, வருமானச் சான்று, குடும்பத்துல மொத ஆளா காலேஜ் போறீங்கன்னா முதல் பட்டதாரிச் சான்றுக்கும் சேர்த்து இ-சேவை மையத்துல ஒரே தடவையா அப்ளை பண்ணிடுங்க. சான்றுல இருக்கற பேரும் இனிஷியலும் ஆதார்ல இருக்கறதும் ஒண்ணா இருக்கணும், இல்லாட்டி ஸ்காலர்ஷிப்புல மாட்டும். அட்மிஷன் நடக்கற ஜூன், ஜூலையில கூடலூர், பந்தலூர்ப் பக்கம் மழை ஊத்தும், கரண்ட் இருக்காது, சர்வரும் இருக்காது, அதனால மே மாசமே இதை முடிச்சு வைங்க.

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டத்துல அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு மாசம் 1000 ரூபா வருதில்ல, அது ரெகுலர் படிப்புக்குத்தான், தொலைதூரக் கல்வின்னா வராது. உங்க கோர்ஸ் எந்த வகையில வருதுன்னு ஆபீஸ்ல கேட்டுட்டு அப்புறமா அந்தக் காசை பட்ஜெட்ல போடுங்க.

என்னென்ன பாடம்

மேனேஜ்மென்ட் அடிப்படை, கணக்குப் பதிவு, மார்க்கெட்டிங், தொழில்முனைவு, கம்ப்யூட்டர், பேச்சு இங்கிலீஷ். சுத்திச் சுத்தி இதுதான். மேனேஜ்மென்ட் பாடத்துல திட்டமிடல், ஒழுங்கமைத்தல், கட்டுப்படுத்தல்னு வரிசையா வரும், படிச்சு எழுதிடலாம், அதுல மண்டையை உடைக்க வேண்டாம். உயிரைக் குடுத்துப் படிக்க வேண்டியது கணக்கு. டேலிங்கற கணக்கு சாப்ட்வேரைக் கத்துக்கறதுக்கு முன்னாடி நோட்டுல கையால பேரேடு எழுதிப் பழகுங்க, பற்று எது வரவு எதுன்னு கை சொல்லணும்.

கணக்குல ஒரே ஒரு விஷயத்தை மட்டும் இங்க விரிவா சொல்றேன், ஏன்னா புஸ்தகத்துல இருக்கற உதாரணம் எல்லாம் சமவெளிக் கடைக்கு எழுதினது. பிரேக் ஈவன்னு ஒரு பாடம் வரும், அதாவது எத்தன வித்தா கைக்காசு போகாம தப்பிக்கலாம்னு பாக்கறது. நிலையான செலவை ஒரு பாக்கெட்டுல நிக்கற மிச்சத்தால வகுத்தா விடை வந்துடும். இப்ப ஊட்டியில ஒரு சின்ன ஹோம்மேட் சாக்லேட் கடைன்னு வைங்க, கணக்குக்காக நான் போடற தொகைதான் எல்லாம். வாடகை 6000, கரண்ட் 1000, ஹெல்ப்பர் சம்பளம் 9000, மாசம் 16,000. ஒரு பாக்கெட் 120 ரூபாய்க்கு விக்கறீங்க, சரக்கு, டப்பா எல்லாம் சேர்த்து 80 அடங்குது, 40 நிக்குது. 16,000ஐ 40ஆல வகுத்தா மாசம் 400 பாக்கெட். மே மாசம் 900 விக்குது, ஆகா அமோகம்னு தோணும்.

அங்கதான் மலை வேலையைக் காட்டும். வருஷத்துக்குப் போடுங்க. நிலையான செலவு 1,92,000, அப்ப வருஷம் 4800 பாக்கெட் விக்கணும். ஏப்ரல், மே மாசம் 900, ரெண்டாவது சீசன் செப்டம்பர், அக்டோபரும் லீவு வர்ற டிசம்பரும் 500, மீதி ஏழு மாசம் மாசத்துக்கு 150ன்னு வைங்க. 1800, 1500, 1050, மொத்தம் 4350. 450 பாக்கெட் குறையுது, அதாவது 18,000 ரூபா நட்டம். மே மாசம் கடை வாசல்ல கூட்டம் நின்ன அதே கடைதான்.

இப்ப ஹெல்ப்பரை அந்த அஞ்சு மாசத்துக்கு மட்டும் வச்சுகிட்டா? வாடகையும் கரண்ட்டும் 84,000, சம்பளம் 45,000, மொத்தம் 1,29,000. 3225 பாக்கெட் வித்தாலே போதும். 4350 விக்கறதால 1125 பாக்கெட் மிச்சம், 45,000 ரூபா லாபம். சந்தோஷப்படறதுக்கு முன்னாடி அதைப் பன்னெண்டால வகுத்துப் பாருங்க, மாசம் 3750, அதுதான் கடையில வருஷம் முழுக்க நிக்கற உங்களுக்குச் சம்பளம். இந்தக் கணக்கை வகுப்புல போடறப்ப பசங்க மூஞ்சி மாறும், அப்புறம்தான் "சார், மழைக்காலத்துல வேற என்ன விக்கலாம்"னு கேள்வி வரும், உண்மையான தொழில்முனைவு வகுப்பு அந்தக் கேள்வியிலதான் ஆரம்பிக்குது. கொடைக்கானல்லயும் இதே கதைதான், தொகையை மாத்திப் போட்டுக்குங்க.

மார்க்கெட்டிங்

பொருள், விலை, இடம், விளம்பரம்னு நாலு பியைச் சொல்லித் தருவாங்க, இங்கிலீஷ்ல நாலும் P எழுத்துல ஆரம்பிக்கும். மனப்பாடம் பண்ணாதீங்க, உங்க ஊர்ப் பொருளை எடுத்து அதுல பொருத்திப் பாருங்க. அதே சாக்லேட்டையே எடுத்துக்கலாம். ஊட்டி கடல் மட்டத்துல இருந்து 2240 மீட்டர் உயரத்துல இருக்கு, கடை ஷெல்ஃப்ல அது கல்லு மாதிரி நிக்கும். வாங்கினவர் கார்ல வச்சுகிட்டு பர்லியார் தாண்டி மேட்டுப்பாளையம் வெயில்ல இறங்கினதும் கூழாயிடும், வீட்டுக்குப் போய்த் திறந்து பாத்துட்டு ஆன்லைன்ல ஒரு ஸ்டார் போடுவார். அப்ப கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலா வேற தாவரக் கொழுப்பு போட்ட காம்பவுண்ட் சாக்லேட் பண்றதா, அது அவ்வளவு சீக்கிரம் உருகாது, விலையும் கம்மி, ஆனா ருசி ஒரு படி கீழதான், லேபிள்லயும் அதை மறைக்காம எழுதணும். இல்ல நல்ல சாக்லேட்டையே பண்ணி பேக்கிங்கை மாத்தறதா? பொருள், விலை, இடம் மூணும் ஒரே கேள்விக்குள்ள வந்துடுச்சு பாருங்க.

பேக்கிங்னு வந்தா நம்ம நீலகிரி மாவட்டத்துல பிளாஸ்டிக் கட்டுப்பாடு கடுமை, சின்ன தண்ணி பாட்டிலுக்கே தடை, செக்போஸ்ட்லயே பிடுங்கிடுவாங்க. வெளியூர்க்காரன் வீடியோவுல காட்டற கவரை எல்லாம் ஆர்டர் பண்ணி காசை முடக்காதீங்க.

சந்தை எவ்வளவு பெருசுன்னு கணக்கிடணும்னா அதுக்கும் உள்ளூர்லயே எண்ணிக்கை கிடைக்கும். 2024 மே 7ல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில வர்றவங்களுக்கு இ-பாஸ் வந்துச்சு, 2025 சீசனுக்கு ஐகோர்ட் ஊட்டிக்கு வார நாள்ல 6000 வண்டி, வார இறுதியில 8000ன்னும், கொடைக்கானலுக்கு 4000, 6000ன்னும் வரம்பு வச்சுது. வர்ற வண்டிக்கு ஒரு உச்சவரம்பு இருக்கறப்ப டூரிஸ்ட்டை மட்டும் நம்பி எத்தன கடை தாங்கும்னு ஒரு அசைன்மென்ட் எழுதலாம், மார்க்கு வரும், அதைவிட நாளைக்குக் கடை போடறப்ப ரொம்ப உதவும்.

பழைய பாடமும் பக்கத்துலயே இருக்கு. 1960ல ஆரம்பிச்ச இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், ஊட்டியில எத்தன குடும்பத்துக்குச் சோறு போட்ட கம்பெனி. கலர் பிலிம் வந்தப்பவே திணறினாங்க, டிஜிட்டல் வந்ததும் பிலிமுக்கே ஆள் இல்லாமப் போச்சு. உங்க தெருவுலயே அங்க வேலை பாத்த பெரியவர் ஒருத்தர் இருப்பார், போய் உக்காந்து கேளுங்க, ஒரு பொருளுக்குச் சந்தை எப்படிச் செத்துப் போகும்னு அவர் சொல்ற மாதிரி எந்த லெக்சரரும் சொல்ல மாட்டார். நான் உள்பட.

இன்ஸ்டா, வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாக் எல்லாம் இப்பப் பசங்களுக்கு நாம சொல்லித் தர வேண்டியதில்ல. பனிமூட்டத்துல ரீல்ஸ் போட்டா லைக் வரும், ஆர்டர் வராது. விலை, எடை, கூரியர் சார்ஜ், எத்தன நாள்ல வரும், இந்த நாலையும் போஸ்ட்லயே எழுதுங்க.

இன்டர்ன்ஷிப்தான் பாதிப் படிப்பு

நிறைய பேர் மாமா கடையில கையெழுத்து வாங்கிட்டு வந்து குடுத்துடுவாங்க. தயவு செஞ்சு அதைப் பண்ணாதீங்க தம்பி. வருஷத்துல உங்களுக்கு இலவசமா ஒரு தொழிலோட உள்பக்கத்தைப் பாக்கக் கிடைக்கற ஒரே வாய்ப்பு அது.

தேயிலைப் பேக்டரி ஆபீஸ் கிடைச்சா விடாதீங்க. காலையில தழை இறக்கற இடத்துல ஒரு வாரம் நில்லுங்க. சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவுன்னு எடையில கழிச்சு சீட்டுல எழுதறதைப் பாருங்க, கழிச்சதுக்கு அப்புறம் மிஞ்சற கிலோவுக்குத்தான் விவசாயிக்குக் காசு. ஒரு கிலோ தூளுக்கு நாலு, நாலரைக் கிலோ பச்சைத் தழை வேணும். தூள் ஏலத்துல போற விலையில 65 பங்கு விவசாயிக்கு, 35 பங்கு பேக்டரிக்குன்னு ஒரு பங்கீட்டு முறையை வச்சுத்தான் டீ போர்டு மாசா மாசம் தழைக்கு விலை சொல்லுது. எடை சீட்டு ஒரு கையில, குன்னூர் ஏல விலை இன்னொரு கையில வச்சு நீங்களே கணக்குப் போட்டுப் பாத்தா விலை நிர்ணயம்ங்கற பாடம் முழுசா முடிஞ்சுது. உங்க வீட்லயே அரை ஏக்கர் தேயிலை இருக்கும், அப்பா ஏன் சாயங்காலம் கோபமா வர்றார்னும் அன்னிக்குப் புரிஞ்சிடும்.

அது கிடைக்கலன்னா கூட்டுறவுத் தேயிலைப் பேக்டரிகளுக்குத் தலைமையா இருக்கற இன்ட்கோசர்வ் இருக்கு, குன்னூர்லதான். கேரட், பீட்ரூட் ஏலம் எப்படி நடக்குதுன்னு பாக்கணும்னா மேட்டுப்பாளையம் மண்டி. கோத்தகிரிப் பக்கம் பழங்குடி மக்களே பங்குதாரரா இருக்கற ஆதிமலை உற்பத்தியாளர் கம்பெனி இருக்கு, தேன், மிளகு, காப்பி எல்லாம் வாங்கி விக்கறாங்க, முதலாளின்னு ஒருத்தர் இல்லாம ஒரு கம்பெனி எப்படி நடக்குதுன்னு பாக்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிஞ்சு இல்ல. பழனி மலைப்பக்கம்னா 2019ல புவிசார் குறியீடு வாங்கின கொடைக்கானல் மலைப்பூண்டு இருக்கு, விவசாயி கைக்கு எவ்வளவு வருது, கடையில எவ்வளவுக்குப் போகுதுன்னு பின்னாடியே போய் எழுதுங்க.

போற இடத்துல டீ வாங்கிட்டு வரச் சொன்னா வாங்கிட்டு வாங்க, தப்பில்ல. ஆனா ஒரு மாசத்துல பில் போடறது, ஸ்டாக் எடுக்கறது, கடன் பாக்கி வசூல் பண்றது, இந்த மூணையும் தொட்டிருக்கணும். குடுக்கலன்னா வாயைத் திறந்து கேளுங்க. "அண்ணா, நான் ஒரு நாள் ஸ்டாக் எடுக்கட்டுமா"ன்னு கேட்டு வேண்டாம்னு சொன்ன கடைக்காரரை நான் பாத்ததில்ல, அவங்களுக்கே அது பிடிக்காத வேலை.

ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை பேங்குக்கு எழுதுங்க

கோர்ஸ் கடைசியில ஒரு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் கேப்பாங்க. எப்படியும் எழுதத்தான் போறீங்க, அதை தொழில் கடனுக்கான மனுவை வாங்கி பேங்குக்கு அனுப்பற மாவட்டத் தொழில் மையம் கேக்கற வடிவத்துலயே எழுதிட்டா ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. மெஷினுக்கு ஜிஎஸ்டி நம்பர் இருக்கற கடையில கொட்டேஷன், இடத்துக்கு வாடகை ஒப்பந்தம், மூணு வருஷ வரவு செலவு. அந்த வரவு செலவுல மேல சொன்ன சீசன் கணக்கு மாசவாரியா இருக்கணும். பன்னெண்டு மாசமும் ஒரே விற்பனைன்னு எழுதிட்டுப் போனா ஊட்டி பேங்க் மேனேஜர் மொதப் பக்கத்துலயே மூடி வச்சிடுவார், அவரும் ஜூலை மாசம் ரோட்டைப் பாக்கறவர்தானே.

திட்டங்கள்ல முக்கியமா மூணு. வேலையில்லா இளைஞர்களுக்கான யுஒய்இஜிபிக்கு எட்டாவது பாஸ் போதும், 25 சதவீதம் மானியம். நீட்ஸ் திட்டம் கொஞ்சம் பெருசா தொழில் பண்றவங்களுக்கு, 10 லட்சத்துக்கு மேல, அதுலயும் 25 சதவீதம் மானியம், வட்டியிலயும் 3 சதவீதம் கழிவு உண்டு. மத்திய அரசோட பிஎம்இஜிபியில உற்பத்தித் தொழில்னா 50 லட்சம் வரைக்கும், சேவைன்னா 20 லட்சம் வரைக்கும் திட்டம் போடலாம், பெண்கள், எஸ்சி, எஸ்டி, பிசி எல்லாம் கிராமத்துல ஆரம்பிச்சா மானியம் 35 சதவீதம், சொந்தக் காசு 5 சதவீதம் போட்டாப் போதும். தொகையும் வயசு வரம்பும் அப்பப்ப மாத்துவாங்க, அப்ளை பண்ற அன்னிக்கு என்னன்னு மாவட்டத் தொழில் மையத்துல கேட்டுக்குங்க. மானியம் கையில குடுக்கற காசு இல்ல, கடன் கணக்குல கழியறது, அதை வச்சு பைக் வாங்கலாம்னு இருந்தா முதலுக்கே மோசம்.

சாப்பிடற பொருள்னா உணவுப் பாதுகாப்பைப் பாக்கற எப்எஸ்எஸ்ஏஐ அமைப்போட பதிவு வாங்காம ஒரு பாக்கெட் கூட வெளிய குடுக்காதீங்க. லேபிள்ல பொருளோட பேரு, சேர்மானம், எடை, தயாரிச்ச தேதி, எத்தன நாளைக்குள்ள சாப்பிடணும், விலை, உங்க விலாசம், சைவம்னா பச்சைப் புள்ளி, எப்எஸ்எஸ்ஏஐயோட 14 இலக்க நம்பர், எல்லாம் இருக்கணும். கடைசியா, சிறு தொழிலுக்கான மத்திய அரசோட உத்யம் பதிவு. ஆதாரும் பான் கார்டும் இருந்தா செல்போன்லயே பண்ணிடலாம், கட்டணம் ஒரு ரூபா கூட கிடையாது. அதே மாதிரி டிசைன்ல போலி வெப்சைட் நிறைய இருக்கு, ஆயிரம், ரெண்டாயிரம்னு கேப்பாங்க, பேமென்ட் பேஜ் வந்தாலே அது அரசாங்கத்தோடது இல்ல, மூடிட்டு வெளிய வந்துடுங்க.